விசுவாசத்தின் விலை: ஹவாய், 1954

1954 நவம்பர் 2ஆம் தேதி நடந்த சட்டமன்றத் தேர்தலில் ஹவாய்த் தீவுகளின் பழைய அதிகாரம் சரிந்தது. ஹவாய் அப்போது அமெரிக்காவின் மாநிலமாகியிருக்கவில்லை. வாஷிங்டனிலிருந்து நியமிக்கப்படும் ஆளுநரின் கீழ் இருந்த பிராந்தியம் அது. ஏறக்குறைய அரைநூற்றாண்டாகச் சட்டமன்றம் ரிபப்ளிகன் கட்சியின் பிடியிலும், கட்சி சர்க்கரை முதலாளிகளின் பிடியிலும் இருந்தன. அன்று இரு அவைகளையும் டெமாக்ரடிக் கட்சி கைப்பற்றியது. வென்றவர்களில் பலர் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் இருந்து திரும்பியவர்கள். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வந்த ஜப்பானியர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். அவர்களுள் ஒருவரான டேனியல் இனோவேக்கு அப்போது வயது 30. இத்தாலியப் போர்முனையில் வலது கையை இழந்திருந்தார்.

போர்க்களத்தில் வீரம் காட்டியவர்களுக்கு ஊர் நன்றியோடு வாக்களித்தது என்றுதான் இந்த வெற்றி வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழு உண்மை ஆகாது. படைச் சேவை அவர்களைத் தேர்தல் மேடை வரை கொண்டுவந்து நிறுத்தியது. வெற்றியைத் தேடித் தந்தவை சட்டப் படிப்பும் தொழிற்சங்கமும் ஆண்டுக்கணக்கில் நடந்த கட்சி வேலையும். அந்த மேடைக்கு வருவதற்காக அவர்கள் கொடுத்த விலையோ, பிறப்பாலேயே குடிமக்களாக இருந்தவர்களிடம் எந்த அரசும் கேட்டிருக்கக் கூடாத விலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் 1954 புரியும்.

தோட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். 1885 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஜப்பானியர்கள் ஆயிரக்கணக்கில் ஹவாய்க்கு வந்தார்கள். கரும்பும், அதை ஏற்றிச் செல்லும் கப்பலும், அதற்குக் கடன் தரும் வங்கியும் 'பெரிய ஐந்து' என்று அழைக்கப்பட்ட நிறுவனங்களின் வட்டத்துக்குள் இருந்தன. காஸில் அண்ட் குக், அலெக்சாண்டர் அண்ட் பால்ட்வின், சி. புரூவர், அமெரிக்கன் ஃபேக்டர்ஸ், தியோ டேவிஸ் ஆகியவையே அந்த ஐந்தும். தொழிலாளர்களை இனவாரியாகத் தனித்தனி லயங்களில் குடிவைத்தார்கள். கூலியையும் இனம் பார்த்தே வைத்தார்கள். குதிரை மேலிருந்து மேற்பார்த்த கங்காணிக்கு அங்கே 'லூனா' என்று பெயர். 1920இல் ஜப்பானியத் தொழிலாளர்களும் பிலிப்பினோத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, இன்ஃபுளுவென்சா பரவிக்கொண்டிருந்த காலத்திலேயே ஆயிரக்கணக்கானோரைக் குடும்பத்தோடு தோட்ட வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள்.

இனோவேயின் தாத்தா அசாகிச்சி 1899இல் கவாய்த் தீவின் தோட்டமொன்றுக்கு வந்தார். ஜப்பானில் அவர்கள் வீட்டில் மூண்ட தீ அண்டை வீடுகளுக்கும் பரவி அவற்றை எரித்துவிட்டது. அந்த நட்டத்தை ஈடுகட்டுவது குடும்பத்தின் கடமையாயிற்று. கடனைத் தீர்த்துவிட்டு ஊர் திரும்பலாம் என்றுதான் மனைவியையும் சிறுவனான மகனையும் அழைத்துக்கொண்டு கப்பலேறினார். கடன் தீர்வதற்குள் ஒரு தலைமுறை கழிந்துவிட்டது. அதற்குள் பேரப்பிள்ளைகள் அமெரிக்கர்களாகப் பிறந்துவிட்டார்கள்.

பிள்ளைகள் குடிமக்கள், பெற்றோர் அந்நியர் என்ற நிலையைச் சட்டமே உண்டாக்கியது. ஹொனலுலுவில் வாழ்ந்த தகாவோ ஒசாவா அமெரிக்காவில் படித்தவர், வீட்டிலும் ஆங்கிலமே பேசியவர். குடியுரிமை கோரி அவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜப்பானியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என்று 1922இல் தீர்ப்பாயிற்று. அத்தீர்ப்பின்படி ஜப்பானில் பிறந்து வந்த முதல் தலைமுறைக்கு, எத்தனை ஆண்டு உழைத்தாலும் வாக்குரிமை கிடையாது. தோட்ட முதலாளிகளின் கட்சி நிம்மதியாக ஆண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

1941 டிசம்பர் 7 அன்று பேர்ல் துறைமுகம் ஜப்பானால் தாக்கப்பட்டபோது இனோவே பள்ளி மாணவர். முதலுதவிப் பயிற்சி பெற்றிருந்ததால் காயம்பட்டவர்களிடம் ஓடினார். அன்றே இராணுவச் சட்டம் வந்தது. 1944 அக்டோபர் வரை நீடித்தது. அமெரிக்கப் பெருநிலப்பகுதியில் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முள்வேலி முகாம்களில் அடைத்தார்கள். ஹவாயில் அப்படிச் செய்ய முடியவில்லை. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அவர்களே. அவர்களை அடைத்துவிட்டால் தோட்டமும் துறைமுகமும் நின்றுவிடும். சமூகத் தலைவர்கள், மொழிப்பள்ளி ஆசிரியர்கள், பௌத்த பிக்குகள் எனத் தேர்ந்தெடுத்துச் சிறைப்பிடித்தார்கள். மற்றவர்கள் சந்தேகத்தின் நிழலில் வேலை செய்தார்கள்.

1942 ஜனவரியில் ஹவாய்ப் பிராந்தியக் காவல்படையிலிருந்து ஜப்பானிய வம்சாவளி மாணவர்களை அவர்களுடைய முன்னோரின் நாட்டைக் காரணம் காட்டி நீக்கினார்கள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த சுமார் 170 பேர் இராணுவ ஆளுநருக்கு மனு எழுதினார்கள்: துப்பாக்கி தர விருப்பமில்லை என்றால் வேறு எந்த வேலையாவது கொடுங்கள். கொடுத்தார்கள். ஸ்கோஃபீல்ட் படைமுகாமில் மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஏறக்குறைய ஓராண்டு சாலை போட்டார்கள், கல் உடைத்தார்கள். இந்த மனுவை நாட்டுப்பற்றின் சான்றாகப் பலர் வியந்து எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதைப் படிக்கும்போது வியப்பைவிட வேதனையே மிஞ்சுகிறது. சொந்த நாட்டில் பிறந்த பிள்ளைகள், தங்களைத் துரத்திய அதிகாரியிடமே கூலி வேலைக்கு மன்றாட வேண்டியிருந்தது.

1942 ஜூனில் ஹவாயிலிருந்து, ஜப்பானிய வம்சாவளி வீரர்களைக் கொண்ட 100ஆவது காலாட்படைப் பிரிவு அனுப்பப்பட்டது. 1943 பிப்ரவரியில் அதே வம்சாவளியினருக்கான 442ஆவது படையணி அறிவிக்கப்பட்டபோது ஹவாயில் ஏறக்குறைய 10,000 இளைஞர்கள் முன்வந்தார்கள். முகாம்களுக்குள்ளிருந்து வந்தவர்கள் மிகக் குறைவு. முள்வேலிக்குள் பெற்றோரை விட்டுவிட்டு யாருக்காகப் போரிடுவது என்ற கேள்வி அவர்களுக்கு இருந்தது. அது நியாயமான கேள்வி. 1944 அக்டோபரில் பிரான்சின் வோஷ் மலைக்காட்டில் ஜெர்மானியரிடம் சிக்கியிருந்த டெக்சாஸ் படையினர் 211 பேரை இந்தப் படையணி மீட்டது. மீட்டவர்கள் தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் அந்த எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு. 1945 ஏப்ரல் 21 அன்று இத்தாலியின் சான் தெரென்சோ அருகே ஒரு மேட்டைப் பிடிக்கும் சண்டையில், கையெறிகுண்டை வீசவிருந்த இனோவேயின் வலது முழங்கையை ஜெர்மானியக் குண்டு சிதைத்தது. செயலற்ற அந்தக் கையின் விரல்களுக்குள் இருந்த குண்டை இடது கையால் பிடுங்கி எறிந்துவிட்டு முன்னேறினார். ஐரோப்பியப் போர் முடிய மூன்று வாரம்கூட இல்லை.

இரண்டாண்டுக்கு நெருங்கிய காலம் மருத்துவமனைகளில் கழிந்தது. ஊர் திரும்பும் வழியில், பதக்கங்கள் அணிந்த சீருடையோடும் கைக்குப் பதில் பொருத்திய கொக்கியோடும் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு முடிதிருத்தகத்துக்குள் போனார். ஜப்பானியனுக்கு முடி வெட்டுவதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்த நிகழ்ச்சியை இனோவே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். இரத்தம் சிந்தினால் ஏற்பு தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கை அந்த வாசற்படியிலேயே தகர்ந்திருக்க வேண்டும்.

அப்படியானால் வாக்கு எங்கிருந்து வந்தது?

முதலில் படிப்பிலிருந்து. 1944இன் படைவீரர் மறுவாழ்வுச் சட்டம், 'ஜி.ஐ. பில்' என்று எல்லோரும் அழைத்தது, கல்லூரிக் கட்டணமாக ஆண்டுக்கு 500 டாலர் வரையும் அதற்கு மேல் வாழ்க்கைப்படியும் தந்தது. ஹவாயில் 1973 வரை சட்டக் கல்லூரியே இல்லை. வழக்கறிஞராக வேண்டுமென்றால் கடல் கடந்து பெருநிலப்பகுதிக்குப் போக வேண்டும். தோட்டக் கூலியின் மகனுக்கு அது எட்டாத கனி. இந்தச் சட்டம் வந்த பிறகு, முன்னாள் வீரர்களான ஸ்பார்க் மட்சுனாகா ஹார்வர்டுக்கும், சகாயே தகாஹாஷி ரட்கர்ஸுக்கும், இனோவே ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கும் போய்ச் சட்டம் படித்துத் திரும்பினார்கள். மருத்துவராக வேண்டும் என்பதே இனோவேயின் பழைய கனவு. ஒரு கையோடு அறுவை மருத்துவராக முடியாது. சட்டத்தின் பக்கம் திரும்பினார். முன்பு சட்டமன்றத்தில் சட்டம் எழுதத் தெரிந்தவர்கள் முதலாளிகளின் பக்கம் மட்டுமே இருந்தார்கள். ஒரே தலைமுறையில் அந்த நிலை மாறியதற்கு இந்தக் கல்வி உதவி முதன்மையான காரணம் என்பது என் கணிப்பு.

அடுத்தது சங்கம். பண்ணைத் தொழிலாளருக்கும் கூட்டாகப் பேரம் பேசும் உரிமை தந்த சட்டம் 1945இல் ஹவாயில் வந்தது. துறைமுக, கிடங்குத் தொழிலாளர் சங்கமான ஐ.எல்.டபிள்யூ.யூ. தோட்டங்களுக்குள் நுழைந்தது. பழைய வேலைநிறுத்தங்கள் இனவாரியான சங்கங்களாகப் பிரிந்து நின்று தோற்றவை. 1946இல் சர்க்கரைத் தோட்டங்களில் ஜப்பானியரும் பிலிப்பினோக்களும் மற்றவர்களும் ஒரே சங்கமாக 79 நாள் நின்று வென்றார்கள். 1949இல் துறைமுகங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. வேலைநிறுத்தக் காலத்தில் பொதுச் சமையற்கூடம் நடத்தவும் வீடு வீடாகச் செய்தி கொண்டு போகவும் பழகிய தோட்டத் தொழிலாளர்கள் தேர்தல் வேலைக்கு ஏற்கெனவே பயிற்சி பெற்றவர்கள். போருக்குப் போகாத, போனாலும் பதக்கம் பெறாத இந்த ஆயிரக்கணக்கானோரை 1954இன் கதையில் ஓரத்தில் நிறுத்துவது பெரிய அநீதி.

கட்சியைக் கட்டியவர் அந்தப் போரில் சண்டையிட்டவர் அல்லர். ஜான் பர்ன்ஸ் ஹொனலுலு காவல்துறையில் இருந்தவர். போர்க்காலத்தில் ஜப்பானியச் சமூகத்தைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்துகொண்டே, அவர்கள் விசுவாசமானவர்கள் என்று வெளிப்படையாகச் சாட்சி சொன்னார். போருக்குப் பின் டெமாக்ரடிக் கட்சியின் சிதறிய குழுக்களை அவர் ஒன்றுசேர்த்தார். அவருக்கு வலக்கரமாக நின்ற டான் அவோகி 442ஆவது படையணியில் சார்ஜென்டாக இருந்தவர்; அப்படையணியின் முன்னாள் வீரர் மன்றத் தலைவர். மன்றம் கட்சி ஆகவில்லை. ஆனால் ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பினார்கள். ஒருவர் வேட்பாளரானால் மற்றவர்கள் கேட்காமலே வேலை செய்தார்கள். பர்ன்ஸ் அந்தத் தேர்தலில் வாஷிங்டன் பிரதிநிதிப் பதவிக்குப் போட்டியிட்டு ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். வெற்றியைக் கட்டியெழுப்பியவருக்கு மட்டும் அன்று வெற்றி இல்லை.

1952இல் வந்த மெக்காரன் - வால்டர் சட்டம் குடியுரிமையிலிருந்த இனத் தடையை நீக்கியது. கம்யூனிச எதிர்ப்பு மனநிலையில் எழுதப்பட்ட, வேறு பல கொடுமைகள் நிறைந்த சட்டம் அது. எனினும் ஒசாவா தீர்ப்பு அடைத்த கதவை அதுதான் திறந்தது. அறுபதும் எழுபதும் கடந்த முதியவர்கள் குடியுரிமை வகுப்புகளுக்குப் போனார்கள். அமெரிக்க அரசியலமைப்பைப் பாடமாகப் படித்தார்கள். அரைநூற்றாண்டு கரும்பு வெட்டியவர்கள் அதன் பிறகே முதன்முதலாக வாக்குச்சீட்டைக் கையில் வாங்கினார்கள்.

பிரச்சாரத்தில் ரிபப்ளிகன் தரப்பு எடுத்த ஆயுதம் கம்யூனிசம். அதற்கு முந்தைய ஆண்டுதான், 1953 ஜூனில், சங்கத் தலைவர் ஜாக் ஹால் உட்பட ஏழு பேரை, அரசை வன்முறையால் கவிழ்க்கப் பரப்புரை செய்வதைக் குற்றமாக்கிய ஸ்மித் சட்டத்தின் கீழ் குற்றவாளிகள் என்று ஹொனலுலு நீதிமன்றம் தீர்த்திருந்தது. சங்கம் கம்யூனிஸ்டுகளின் கையில், கட்சி சங்கத்தின் கையில், ஆகவே இந்த வேட்பாளர்கள் யார் கையில் என்று கேட்டார்கள். இனோவே தன் வரலாற்று நூலில் ஒரு விவாத மேடையை நினைவுகூர்கிறார். எழுதி வந்த உரையை ஒதுக்கிவிட்டு, காலியான சட்டைக் கையைக் காட்டி, இந்தக் கையைப் பாசிசத்துக்கு எதிராகக் கொடுத்தேன்; கம்யூனிசத்துக்கு எதிராக நாடு கேட்டால் மற்றொரு கையையும் தருவேன் என்ற பொருளில் பேசினார். எதிர்த்தரப்பிடம் பதில் இருக்கவில்லை.

அந்தப் பேச்சின் வலிமையை நான் மறுக்கவில்லை. அவதூறுக்கு அவர் சொன்ன பதில் நேர்மையானது. ஆனால் அந்தப் பதில் யாரைக் காப்பாற்றியது, யாரைக் காப்பாற்றவில்லை என்றும் பார்க்க வேண்டும். தண்டிக்கப்பட்ட எழுவரில் ஒருவர் 'ஹொனலுலு ரெக்கார்ட்' பத்திரிகையின் ஆசிரியர் கோஜி அரியோஷி. கோனா பகுதியில் பிறந்தவர். கலிபோர்னியாவின் மன்சனார் முகாமில் அடைபட்டிருந்தபோது அங்கிருந்தே அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்தவர். சீனாவில் கம்யூனிஸ்டுகளின் தலைமையகமாக இருந்த யேனானுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்க இராணுவக் குழுவில் பணியாற்றியவர். அவரும் முன்னாள் படைவீரர்தான். அவருடைய சீருடை நீதிமன்றத்தில் எதற்கும் உதவவில்லை. 1954இல் அதே குடும்பப் பெயர் கொண்ட இன்னொருவர், இராணுவ மொழிபெயர்ப்புப் பிரிவில் இருந்த ஜார்ஜ் அரியோஷி, சட்டமன்றத்துக்குத் தேர்வானார். 1974இல் ஹவாயின் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு அரியோஷிக்கு நீதிமன்றக் கூண்டு, ஒரு அரியோஷிக்கு ஆளுநர் மாளிகை. சேவை இருவருக்கும் பொது, கருத்தே வேறு. நாட்டுப்பற்றுக்குச் சான்று கேட்கும் அரசியலில், அரசு ஏற்கும் கருத்து உள்ளவரின் தியாகம் மட்டுமே தியாகமாக எண்ணப்படுகிறது. ஏழு பேரின் தண்டனையை மேல்முறையீட்டு நீதிமன்றம் 1958இல் ரத்து செய்தது.

முதன்முறை உறுப்பினரான இனோவே கீழவையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவரானார். புதிய அவை வரிச் சீர்திருத்தம், தொழிலாளர் நலன், கல்வி என்று மசோதாக்களைக் குவித்தது. ஆளுநர் சாமுவேல் வைல்டர் கிங் எழுபதுக்கும் மேற்பட்டவற்றை நிராகரித்தார். கிங்கும் கடற்படை அதிகாரியாக இருந்தவர். பூர்வகுடி ஹவாயர் இரத்தமும் அவரிடம் இருந்தது. படைவீரர்கள் இயற்றியதைப் படைவீரர் ஒருவரே மறுத்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். சேவை ஒருவரை எந்தப் பக்கம் நிறுத்தும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நிறைவேறியவற்றில் என் மனத்தில் உயர்ந்து நிற்பது ஒன்று. 1957இல் ஹவாய்ச் சட்டமன்றம் மரண தண்டனையை ஒழித்தது. அமெரிக்க ஆட்சியில் அங்கே தூக்கிலேற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர் அல்லாதவர்கள். பிலிப்பினோத் தொழிலாளர்கள் மிகுதி. கொலையைக் கண்ணால் பார்த்துத் திரும்பியவர்கள் நிறைந்த ஒரு சபை, அரசு கொல்வதை நிறுத்தியது. இன்றுவரை ஹவாயில் அது திரும்ப வரவில்லை.

நிலத்தில்தான் அந்தத் தலைமுறை வழுக்கியது. ஹவாய் 1959இல் மாநிலமான பிறகும் நிலவுடைமை அப்படியே இருந்தது. 1960களில் சட்டமன்றம் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய பாதி நிலம் அரசுகளிடமும், 47 விழுக்காடு வெறும் 72 தனியுடைமையாளர்களிடமும் இருப்பது தெரிந்தது. குத்தகை மனையில் வீடு கட்டியவர்கள் அந்த மனையை விலைக்கு வாங்க வழிசெய்யும் சட்டம் 1967இல் வந்தது. உச்ச நீதிமன்றம் 1984இல் அதை உறுதி செய்தது. ஆனால் அச்சட்டத்தால் பெரிதும் பாதிக்கப்பட்டது பிஷப் எஸ்டேட். பூர்வகுடிக் குழந்தைகளின் கல்விக்கென்று இளவரசி பெர்னிஸ் பவாஹி பிஷப் விட்டுச்சென்ற அறக்கட்டளை அது. 1893இல் அமெரிக்கக் கடற்படையினர் கரையில் நிற்க ஹவாய் அரசி கவிழ்க்கப்பட்டு, 1898இல் நாட்டையே இழந்த மக்களுக்கு எஞ்சியிருந்த சொத்துகளில் முக்கியமானது. தோட்டக் கூலிகளின் பிள்ளைகளுக்கு நீதி தேடிய சட்டம், அந்த மண்ணின் முதல் மக்களிடமிருந்து எடுத்தது. ஜார்ஜ் கூப்பரும் கேவன் டாஸும் 1985இல் வெளியிட்ட ஆய்வு நூல், டெமாக்ரடிக் ஆட்சியின் அரசியல்வாதிகளே நில வணிகத்தில் எப்படிப் பங்குதாரர்களாக ஆனார்கள் என்பதை ஆவணங்களோடு காட்டியது. அதைப் படித்த பின் 1954ஐக் களங்கமற்ற புரட்சி என்று என்னால் எழுத முடியவில்லை.

பெண்களுக்கு அந்தப் படைவீரர் வட்டத்தில் இடமே இல்லை. மாவி தீவில் பிறந்த பாட்ஸி டகெமோட்டோ மிங்க், சிகாகோ பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1953இல் ஹவாயில் வழக்கறிஞரானார். அங்கே அத்தொழிலுக்கு வந்த முதல் ஜப்பானிய வம்சாவளிப் பெண் அவரே. மணமானவர், குழந்தை உள்ளவர் என்று சொல்லிச் சட்ட நிறுவனங்கள் வேலை தர மறுத்தன. பதுங்குகுழித் தோழமையும் மன்றமும் அவருக்கு இல்லை. பர்ன்ஸின் குழு அவரை அரவணைக்கவும் இல்லை. 1956இல் கீழவைக்கும் 1958இல் மேலவைக்கும் வென்றார். 1959இல் ஹவாயின் முதல் காங்கிரஸ் இடத்துக்கு அவர் களமிறங்கியபோது, செனட்டுக்குப் போட்டியிட இருந்த இனோவே மூத்தவர்களுக்கு வழிவிட்டு அதே இடத்துக்கு வந்தார். முதனிலைத் தேர்தலில் மிங்க் தோற்றார்.

இனோவே திறமையால் வென்றார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் விசுவாசத்துக்குச் சான்றாகக் காட்ட ஒரு காயம் வேண்டும் என்ற விதி, அந்தக் காயத்தை அடைய வாய்ப்பே தரப்படாத குடிமக்களைப் பின்வரிசையில் உட்கார வைத்தது. பத்து ஆண்டு உழைப்புக்குப் பின், 1964இல், எந்தப் பதக்கமும் இல்லாமல் மிங்க் வென்றார். அமெரிக்கக் காங்கிரஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் வெள்ளையரல்லாத பெண் அவர்.